மெய்ப்பாடு தோன்றாத உள்ளம்

உள்ளத்தில் நிகழ்வதை முகம் காட்டிவிடும் என்பது உலகோர் துணிபு. துயருற்றோன் அழுவான், மகிழ்ந்தோன் நகுவான், அன்புடையோன் அன்புமொழி பகர்வான் என எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். எதிர்பார்த்தது நிகழாவிடின் அவனுள்ளத்தே உணர்ச்சியே இல்லையெனத் தீர்ப்புங் கூறிவிடுகின்றோம். 'கல்நெஞ்சன்' என்றும் 'மரம்போல நிற்கிறான்' என்றும் நம்மூரில் வழங்கும் சொற்கள் இத்தீர்ப்பின் சுருக்கங்களே. இது வாழ்வில் மட்டும் நிகழ்வதன்று. இலக்கியத் திறனாய்விலும் நிகழ்கின்றது. வாய்விட்டரற்றும் பாத்திரத்தை உணர்ச்சி மிக்கதென்றும், வாளாவிருக்கும் பாத்திரத்தை உயிரற்றதென்றும் கூறும் கூற்றுக்களை மாணவர் விடைத்தாள்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் ஒருங்கே காணலாம். உணர்வைப் பிறர் விரும்பியவாறு வெளிக்காட்டாதாரையும் காட்ட இயலாதாரையும் தமிழிலக்கியம் எங்ஙனம் நோக்கிற்று என்பதையும், அந்நோக்கு இன்று நமக்கு எவ்வாற்றான் வேண்டப்படுகின்றது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் வள்ளுவரை நோக்குவாம். அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறள், அன்பை அடைத்து வைக்கும் தாழ் எதுவுமில்லை என்றும், அன்புடையாரின் சிறு கண்ணீரே அதனை ஊரறியச் செய்துவிடும் என்றும் கூறுகின்றது. இக்குறளை மட்டும் கற்றவர், கண்ணீர் இல்லாதவிடத்து அன்பும் இல்லையெனக் கொள்ளக்கூடும். ஆயின் வள்ளுவர் அவ்விடத்து நின்றுவிடவில்லை. அடுத்த குறளிலேயே, அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்குரியதாக்குவர் எனச் செயலை எடுத்து மொழிகின்றார். முதற்குறள் கண்ணீரைக் காட்ட, இரண்டாங் குறள் கொடையைக் காட்டுகின்றது. அன்பிற்குச் சான்று ஒன்றன்று, இரண்டு என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும்.

அன்றியும், 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் அப்பெயர் பூண்டன. முன்னதில், உள்ளத்து மிக்கதை முகமானது பளிங்குபோலக் காட்டும் என்கிறார். பின்னதிலோ, அயலாரைப்போலப் பொதுவாக நோக்கும் இயல்பு காதலரிடத்தே உண்டு என்கிறார். முகம் காட்டும் என்றவரே, முகம் மாறாகவும் காட்டும் என்றமை உன்னற்பாலது. குறிப்பை அறிவிப்பதற்கு 128ஆம் அதிகாரம் ஒன்றே. அறிவதற்கு அதிகாரம் இரண்டு. காட்டுவார் கடனினும் காண்பார் கடன் பெரிது என்னும் குறிப்பை இவ்வெண்ணிக்கையினின்றும் கொள்ளுதல் மிகையாகாது.

இனி, இப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியரிடம் செல்வாம். பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். இவ்வியலோடு யாழ்ப்பாணத்தார்க்குத் தனியுரிமை ஒன்றுண்டு. பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. மெய்ப்பாட்டியல் முதலாய பகுதிகளைப் பேராசிரியருரையோடும் தம் விளக்கக் குறிப்புக்களோடும் 1943இல் தந்தவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர், அப்பதிப்பு சுன்னாகத்தில் நா. பொன்னையா அவர்களின் முயற்சியால் வெளிவந்தது. எனவே இவ்வியலை நாம் பிறர்வீட்டுப் பொருள்போல அஞ்சி அணுகவேண்டியதில்லை.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றிற்கும் நிலைக்களன் நந்நான்கு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களன்கள். இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிற் கெடுதல், பொருளின்றி வருந்துதல் என்பது இவற்றின் பொருள். இந்நான்கனுள் ஒன்றேனும் கண்ணீரின் அளவைக் கூறவில்லை என்பதை உற்று நோக்குதல் வேண்டும். அழுகை என்பதற்கு ஆசிரியர் காட்டியது துன்பத்தின் வரவை. கண்ணிலிருந்து வீழும் துளியை அன்று.

எட்டனோடும் அவர் அமையவில்லை. அவையல்லாத வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் எண்ணிச் செல்கின்றார். அவற்றுள் நடுவுநிலையும் அடக்கமும் இடம்பெறுகின்றன. அடங்கியிருத்தலும் ஒரு மெய்ப்பாடே என்பது எத்துணை நுண்ணிய கருத்து! அடங்கியிருப்பவனை மெய்ப்பாடு இல்லாதவன் என்று கூறுவது தொல்காப்பிய நெறிக்கு முரணாகும்.

உரையாசிரியராகிய பேராசிரியர் இதனை இன்னும் பகுத்துக் காட்டுவர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனைப் பொறிவழி நுகர்ந்த உணர்வு ஒன்று. அது மனத்திற் பட்டவழி உள்ளத்தெழும் குறிப்பு ஒன்று. அக்குறிப்பின் வழிக் கண்ணீரரும்பலும் மயிர் சிலிர்த்தலும் போல உடம்பில் தோன்றும் வேறுபாடாகிய சத்துவம் ஒன்று என, நான்கு படிகள் அவராற் கூறப்படும். புறத்தே நிற்பவர் கண்ணுக்குப் புலனாவது நான்காம் படியே. முதல் மூன்றும் நிகழ்ந்தும் நான்காவது நிகழாதிருத்தல் கூடும். நான்காவது நிகழ்ந்தும் முதல் மூன்றும் இல்லாதிருத்தலும் கூடும். பின்னதே நடிப்பு எனப்படும். விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த தம் 'மதங்கசூளாமணி'யில், செகசிற்பியார் என அவர் அழைத்த சேக்சுப்பியரின் நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாடகச் சுவைகளை ஆராய்ந்தனர். அரங்கிற்கு நான்காம் படி இன்றியமையாதது. ஆயின் வாழ்வு அரங்கன்று. அரங்கின் அளவுகோலை வாழ்வின்மேல் வைப்பதனாலேயே நாம் ஈண்டு ஆராயும் இடர் விளைகின்றது.

இவ்வுண்மையைச் சிலப்பதிகாரத்தில் வைத்துக் காண்பாம். கண்ணகியைப் புகார்க்காண்டத்தில் உயிரற்ற பாவையெனக் குறைகூறுவார் உளர். கணவன் பிரிந்தபோதும் அவள் அரற்றவில்லை. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதாற் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூறியபொழுது, அது பெருமையன்று என ஒரு சொல்லால் மறுத்துவிடுகின்றாள். அந்நிலையில் மீண்டுவந்த கோவலன் தன் வறுமையைக் கூறி நாணியபோது, அவள் ஊடவில்லை, உரத்துப் பேசவில்லை. முறுவலித்துச் சிலம்பு உளது, கொள்ளும் என்றாள். பிறர் எதிர்பார்த்த மெய்ப்பாடு ஒன்றும் அவள்பால் தோன்றவில்லை.

இதற்கு எதிர்நிலையில் நிற்பவள் மாதவி. அவள் ஆடலும் பாடலும் முற்றக் கற்றவள்; உள்ளக் குறிப்பை உடம்பாலும் குரலாலும் உணர்த்தும் கலையில் தலைநின்றவள். அத்தகையாளுக்கு நேர்ந்தது யாது? கானல்வரியில், கோவலன் வேறொருத்தியை எண்ணிப் பாடுவதுபோலப் பாட, அவன் நிலை மாறினானென மாதவி எண்ணினாள். தானும் வேறொருவனை எண்ணுவாள்போலப் பாடினாள். அதனை மெய்யெனக் கொண்ட கோவலன் அவளைப் பிரிந்தான். உணர்வை நன்கு வெளியிட வல்லாள் அவ்வெளியீட்டாலேயே தவறாக அறியப்பட்டாள். வெளியிடாதாள் மௌனத்தால் தவறாக அறியப்பட்டாள். இருவரிடத்தும் பிழை காண்பவன் கண்ணிலேயே இருந்தது. இளங்கோவடிகள் இவ்விருவரையும் ஒரு காப்பியத்துள் நிறுத்தியமையின் பயன்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

கண்ணகியின் உள்ளத்தை அறிந்தாரும் இருந்தனர். கொலைக்களக் காதையில் அவளே அதனைக் கூறுகின்றாள். கோவலனைப் பெற்றோர் தன்னை அன்போடு பாராட்டுங்கால், அகத்தொளித்த நோயைத் தன் பொய்ம்முறுவல் வெளிப்படுத்திவிட, அவர் உள்ளம் வருந்தினர் என்பது அவள் கூற்று. அதே முறுவலைத்தான் கோவலனும் கண்டான். முதியோர் இருவர் அதனுள் துயரைக் கண்டனர். கொண்ட கணவன் அதனைக் காணவில்லை. முறுவல் ஒன்றே, காண்பார் வேறு. மதுரையில் அவள் ஞாயிற்றை விளித்ததும், அரசவையில் வழக்குரைத்ததும் புதிதாகப் பிறந்த உணர்ச்சியால் அல்ல. அகத்தே இருந்தது புறத்தே வந்தது, அவ்வளவே.

கண்ணகி அடக்கியவள், அடக்க வல்லவள். ஆகவே அவளை உணர்வு வெளியிட இயலாதவள் என்று கூறுதல் பொருந்தாது. சொல்லே வாராத நிலையை நோக்குதற்குப் புறநானூற்றுக்குச் செல்லல் வேண்டும். 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது, துறை கையறுநிலை. ஐந்தே அடிகள். அன்றைய நிலவில் தந்தை இருந்தான், குன்றும் தம்மிடம் இருந்தது. இன்றைய நிலவிற் குன்றும் பகைவேந்தர் கையதாயிற்று, தந்தையும் இலன் என்பதே செய்தி. துயர், நோய், வருத்தம், கண்ணீர் என்னும் சொற்களுள் ஒன்றேனும் அப்பாட்டில் இல்லை. உடைமையும் இன்மையும் மட்டுமே எண்ணப்படுகின்றன. கணக்கர் இருப்பெழுதுமாறு போல எழுதப்பட்டுள்ளது. அடுத்த பாட்டில் அதே இழப்பைக் கபிலர் பாடுகின்றார். பறம்பை விட்டு நீங்குங்கால் கண்ணீர் வாரத் தொழுது வாழ்த்திச் செல்வதாக அவர் வெளிப்படையாகக் கூறுகின்றார். கபிலர் துயர் பெரிது, மகளிர் துயர் சிறிது என்பார் எவரேனும் உளரோ? தந்தையை இழந்த மகளிர் நிலவையும் குன்றையும் கூறி அமைந்தனர். நண்பனை இழந்த புலவர் அழுதார். தொகுத்தோர் இரண்டனையும் அடுத்தடுத்து வைத்தனர். உணர்ச்சிச் சொல் இல்லாத கவிதை உணர்ச்சியற்ற கவிதையன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

பத்தி இலக்கியமோ கண்ணீரையே பெரிதும் போற்றுவதாயிற்றே என்று ஒரு தடை எழலாம். உருக்கத்திற்குப் பெயர்பெற்றது திருவாசகம். ஆயின் அதன்கண் திருச்சதகத்து ஆத்துமசுத்தியில் மணிவாசகப் பெருமான் தம் நெஞ்சை நோக்கி, நீ ஆடவில்லை, உருகிப் பாடவில்லை, பதைக்கவுமில்லை என்று இரங்குகின்றார். உருக்கத்தின் எல்லையாகக் கொள்ளப்படும் ஒருவரே உருக்கம் வரவில்லையென வருந்துகின்றார். கோயில் வீதியில் பிறர் கண்ணீர் மல்க நிற்கத் தான் மட்டும் வறண்ட கண்ணோடு நிற்பவனுக்கு இப்பாடல் பெருந்துணையாகும். உருகவில்லையே என்னும் ஏக்கமும் அன்பின் ஒரு கூறே.

மேனாட்டு இலக்கியத்திலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுதும். 1606இல் அரசவையில் நடிக்கப்பட்ட 'இலியர் மன்னன்' நாடகத்தில், யார் தன்னை மிக விரும்புகின்றனர் என மன்னன் மக்கள் மூவரையும் வினவுகின்றான். மூத்தோர் இருவரும் சொல்மாரி பொழிந்து நாட்டைப் பெற்றனர். இளையாளாகிய கோர்டீலியா தான் கூறுதற்கு ஒன்றுமில்லை என்றாள், நாடிழந்தாள். பின்னர், சொல் மிகுத்தார் தந்தையைப் புயலில் விடுத்தனர். சொல்லற்றாள் படையோடு வந்து அவன்பொருட்டு உயிர் துறந்தாள். அன்பை நாவால் அளந்தவன் இறுதியில் அதனைச் செயலால் அறிந்தான். அறிந்தபோது காலங் கடந்துவிட்டது.

மற்றொன்று அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். வெ. ஸ்ரீராம் அதனை 'அந்நியன்' எனத் தமிழாக்கினர். தலைமகன் மெர்சோ தாயின் சவ அடக்கத்தில் அழவில்லை, பாற்கோப்பி அருந்தினான், மறுநாள் நகைச்சுவைப் படம் பார்த்தான். பின்னர் ஓர் அராபியனைச் சுட்டுக் கொன்றான். வழக்குமன்றத்திலோ, கொலையினும் அவன் அழாமையே பெருங் குற்றமாக எடுத்துரைக்கப்படுகின்றது. தாயின் சாவுக்கு அழாதவன் மரண தண்டனைக்கு ஆளாகும் இடர் உடையவன் என்று இந்நூலின் கருத்தை ஆசிரியரே பின்னர்ச் சுருக்கிக் கூறினார். நாவல் அம்மன்றத்தைக் கண்டித்தது முறையே. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் நடுவுநிலையாகாது. கொல்லப்பட்டவனுக்கு அந்நூலில் பெயர்கூட இல்லை. அழாதவன்மேல் இரக்கங் கொள்ளும் வாசகன் இறந்தவனை மறந்துவிடுகின்றான். மன்றம் நோக்கியிருக்க வேண்டியது அவன் கண்ணை அன்று, கையை. அவன் செய்த கொலைக்கே அவன் விடைகூறக் கடமைப்பட்டவன். உணர்வு காட்டாதானுக்கு நியாயம் வேண்டுதல், அவன் செய்த தீங்கையும் மறைத்தலாகாது.

இற்றை அறிவியலும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகின்றது. அமெரிக்க நாட்டு உளமருத்துவர் பீற்றர் சிஃப்னியோசு 1973இல் 'அலெக்சிதைமியா' என்னும் பெயரை வழங்கினார். கிரேக்கச் சொற்களாலான அப்பெயர் உணர்வுக்குச் சொல்லின்மை எனப் பொருள்படும். இத்தன்மையர்க்கு உணர்ச்சி இல்லையென்பதன்று. தம்முள் எழுவது அச்சமோ துயரோ சினமோ எனப் பிரித்தறிதலும், அறிந்ததைச் சொல்லால் விளக்குதலும் அவர்க்கு அரிதாம். 1994இல் அமைக்கப்பெற்ற ரொறன்ரோ அளவுகோல் இருபது கூற்றுக்களால் இதனை மதிப்பிடுகின்றது. பொதுமக்களுள் ஏறக்குறையப் பத்திலொருவரிடம் இத்தன்மை குறிப்பிடத்தக்க அளவில் உண்டெனக் கருதப்படுகின்றது. இது தனி நோயன்று; மக்கட்பண்பின் ஒரு வேறுபாடு. ஒற்றிசம் உடையாருட் சிலரிடத்தும், பெருந்துன்பங் கண்டார் சிலரிடத்தும் இது மிகுந்து காணப்படும். வேறொரு வகையாக, 1817இல் யேம்சு பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாத நோயில் முகத்தசைகள் இறுகிவிடுதலால், மகிழ்ச்சியிலும் துயரிலும் முகம் முகமூடி போன்றிருக்கும். இவரிடம் குறிப்பு உண்டு, சத்துவம் இல்லை. முன்னவரிடம் சத்துவமும் நெஞ்சுத் துடிப்பாகத் தோன்றலாம்; அதற்குப் பெயரிடும் சொல்லே இல்லை. பேராசிரியர் இந்நோய்களை முன்னரே கண்டார் எனக் கூறுதல் வீண்பெருமை. ஆயின் அவர் வகுத்த படிகள் இவற்றை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கின்றன என்பதில் ஐயமில்லை.

இனி நம் குடாநாட்டை நோக்குவாம். செத்தவீட்டிற்கு வருவோர் பிணத்தைப் பார்ப்பதினும் உரிமைக்காரர் முகத்தைப் பார்ப்பதே மிகுதி. மூத்த மகள் எத்துணை அழுதாள், மருமகள் ஒப்பாரி சொன்னாளா, வெளிநாட்டிலிருந்து வந்த மகன் கண் கலங்கினானா என்பன எட்டுச்செலவு முடியும்வரை ஊர்வாயிற் கிடந்துழலும். ஒப்பாரி ஒரு சிறந்த வழக்கம் என்பதை மறுப்பார் இல்லை. சொல் வாராத துயருக்குச் சொல்லைக் கடனாகக் கொடுத்தது அது. தனக்கெனச் சொல் இல்லாதாள் பிறர் சொற்களைச் சேர்ந்து பாடித் தன் பாரத்தை இறக்கினாள். ஆயின் உதவியாக அமைந்தது தேர்வாக மாறியபோது அது கொடுமையாயிற்று. இரவிரவாகக் கண்விழித்து நோயாளியைக் காத்தவளை, இறுதிநாளில் அழவில்லை என்னும் ஒன்றால் ஊர் அளந்துவிடுகின்றது.

போர்க்காலம் இதனை இன்னும் கடினமாக்கியது. 1995இல் ஒரே இரவில் குடாநாட்டின் பெரும்பகுதி இடம்பெயர்ந்ததையும், 2009இல் வன்னியில் நிகழ்ந்ததையும் கண்டவர்களுள் அதனைக் கூறும் சொல்லைப் பெற்றார் சிலர், பெறாதார் பலர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தமிழர் உள்ளத்தில் விளைத்த வடுக்களை ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உளத்துயரைத் துயரெனக் கூறாது தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு எனக் கூறி மருத்துவரை நாடுதல் நம் சமூகத்திற் பெருவழக்கு. சொல் மறுத்ததை உடல் கூறுகின்றது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தை நாமறிவோம். அங்கே அழும் தாயின் முகமே பத்திரிகைகளிற் பெரிதும் இடம்பெற்றது. அழாது அமர்ந்திருந்த தாயரும் அப்பந்தலில் இருந்தனர். அவர் கையிலும் ஒரு நிழற்படம் இருந்தது. உலகம் கண்ணீரைச் சான்றாகக் கேட்குமாயின், கண்ணீர் வற்றியவர் வழக்கு சான்றின்றித் தோற்றுவிடும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளார்க்கு இதில் தனிக்கடன் உண்டு. பரிசு பெற்றும் முகம் மலராத மாணவன், ஏசியும் முகம் வாடாத மாணவன், தந்தை இறந்து இரண்டாம் வாரம் வகுப்பில் வந்திருந்து வழமைபோலக் கணக்குச் செய்யும் மாணவன் ஆகியோர் எல்லாப் பாடசாலைகளிலும் உளர். 'திமிர் பிடித்தவன்' என்று ஒருவனை ஓராண்டிற் பெயரிட்டால், பள்ளி விடும்வரை அப்பெயர் அவனை விடாது. அவன் மனம் திறந்து பேசவேண்டுமென வற்புறுத்துவதும் நற்பயன் தராது. இல்லாத சொல்லைக் கேட்டு நெருக்குதல் முடவனை ஓடச்சொல்வதனை ஒக்கும். அவனுக்கு ஒரு பாட்டையோ கதையையோ கொடுத்து, அதிலுள்ளார் நிலையை எழுதச் செய்தல் நன்று. பாரி மகளிர்க்கு நிலவும் குன்றும் உதவியவாறு, அவனுக்கும் ஏதேனுமொரு புறப்பொருள் உதவக்கூடும். தமிழ் வகுப்பு, உணர்வுச் சொற்களைப் பிள்ளைகள் கற்கும் இடமுமாகும் என்பதை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை.

மெய்ப்பாட்டியலை முடிக்குங்கால் தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரவல்ல உணர்வுடையார்க்கல்லது மெய்ப்பாட்டின் நற்பொருளைக் கொள்ளுதல் அரிது என்னும் கருத்துப்பட மொழிந்தனர். மெய்ப்பாட்டைக் காட்டுவோரைப் பற்றித் தொடங்கிய இயல், காண்போரைப் பற்றி முடிகின்றது. கோவலன் பெற்றோர் அவ்வுணர்வுடையாராய் இருந்தனர். இலியர் மன்னன் அஃதின்றி அழிந்தான். நாம் எவ்வழி நிற்பது என்பதே வினா. ஒருவன் அழவில்லையென்று கண்டபோது, அவன் என்ன செய்தான் என்று அடுத்ததாக நோக்குவோமாக. கண்ணீரைக் கூறிய குறளை அடுத்துக் கொடையைக் கூறும் குறளும் இருக்கின்றது. இரண்டனையும் சேர்த்துப் படித்தலே முறையாகும்.